எம்.சி.ஓ.பி. வக்கீல் ஆக என்ன வேண்டும்?
வாசகர் கேள்வி – பதில்

சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பத்துக்கும் இழப்பீடு கேட்டு நடத்தும் வழக்குகளுக்குத் தமிழ்நாட்டில் ‘எம்.சி.ஓ.பி.’ என்றுதான் எண் விழும். நீதிமன்ற வளாகத்தில் குமாஸ்தா முதல் நீதிபதி வரை எல்லோர் வாயிலும் அதே பெயர்தான். இந்த வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் தொழில் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறேன். விபத்து வழக்கு நடத்தும் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா?
– மாணவி, தருமபுரி

தனிப் படிப்பு கிடையாது. எல்லா வழக்கறிஞர்களும் போகிற வழிதான். பிளஸ் டூவுக்குப் பிறகு 5 ஆண்டுச் சட்டப் படிப்பு, அல்லது ஒரு பட்டம் முடித்துவிட்டு 3 ஆண்டு எல்.எல்.பி. அரசு சட்டக் கல்லூரிகளில் 5 ஆண்டுப் படிப்புக்குத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ‘கிளாட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு முன்பு பல மாநிலங்களில் இது பல்லாயிரம் ரூபாயாக இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குள் வர அந்தத் தீர்ப்பு பெரிய உதவி. அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். மொத்தம் 100 கேள்விகள். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் தேர்ச்சி.

கல்லூரியில் ‘டார்ட்ஸ்’ எனப்படும் தீங்கியல் சட்டப் பாடம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். மோட்டார் வாகன விபத்து இழப்பீடு அதில்தான் இருக்கிறது. பலர் பத்து மதிப்பெண் பகுதி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் பிழைப்பு என்பதால் தாண்டாதீர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து கல்லூரி விடுமுறை நாட்களில், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் போய் உட்காருங்கள். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றங்களிலும் இந்த வழக்குகள் நடக்கின்றன. விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறது என்று பத்து வழக்குகளில் குறித்துக்கொண்டாலே, ஒரு மனுவை எப்படி எழுத வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பத்து வருடமாகத் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இப்போது 3 வருட எல்.எல்.பி. சேர யோசிக்கிறேன். என் அனுபவம் இந்தத் தொழிலில் பயன்படுமா? லேட்டாகிவிட்டதா?
– வாசகி, திருநெல்வேலி

பயன்படுமா என்றா கேட்கிறீர்கள்? இந்தத் தொழிலில் பலர் பதினைந்து வருடம் போராடிக் கற்றுக்கொள்வது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். காயம்பட்டவரை அவசரப் பிரிவில் இறக்கியதும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார் அல்லவா, அதன் நகலைத்தான் நாங்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறோம். அரைப் பக்கம்கூட வராது. பெயர், வயது, எத்தனை மணிக்கு வந்தார், அழைத்து வந்தது யார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், என்னென்ன காயம், நினைவு இருந்ததா, மது வாடை வந்ததா. அவ்வளவுதான். வழக்கின் பாதி உயிர் அந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. அழைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் விபத்தைப் பார்த்திருக்க மாட்டார். ‘பைக்ல போகும்போது விழுந்துட்டாருங்க’ என்று பதற்றத்தில் சொல்லியிருப்பார். மருத்துவரும் ‘பைக்கில் இருந்து தானாக விழுந்ததாக’ என்று எழுதியிருப்பார். மூன்று நாள் கழித்து, இடித்தது லாரி என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகும். இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அப்படியானால் லாரி எப்போது வந்தது?’ என்று ஒரே கேள்வி கேட்பார்.

இதை முதலிலேயே பார்த்த வக்கீல், அழைத்து வந்தவரையே சாட்சியாக்கி, அவர் சம்பவ இடத்தில் இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுவார். காயத்தின் தன்மையையும் சொல்ல வைப்பார். தானாகச் சறுக்கி விழுந்தால் சிராய்ப்பு எங்கே இருக்கும், பின்னாலிருந்து இடி வாங்கினால் எலும்பு எங்கே உடையும் என்று உங்களுக்குத் தெரியும். அதை மருத்துவரிடம் கேள்வியாகக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்று தலைக்காயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நோயாளி நலமாக இருக்கிறார்’ என்று இருக்கும். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கோர் 15-க்கு 15. ஆனால் மனைவியைத் தனியாகக் கேட்டால், ‘ஆளே மாறிட்டாருங்க. எதுக்கெடுத்தாலும் கோபம், கடைக் கணக்கு மறந்துபோகுது’ என்பார். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களிடம் இது நடக்கும். சிடி ஸ்கேன் அறிக்கையை முழுதாகப் படித்து, நரம்பியல் மருத்துவரிடமும் மருத்துவ உளவியலாளரிடமும் அனுப்பி, அறிவுத்திறன் பரிசோதனை அறிக்கை வாங்காவிட்டால், அந்த இழப்பு நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறதே என்று சொற்பத் தொகையில் வழக்கு முடிந்துவிடும். மருத்துவம் தெரிந்த வக்கீல் இல்லாததால் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க இழப்பது இப்படித்தான்.

சேர்வதற்கு முன் இரண்டு விஷயம். எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படித்தால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். பதிவு செய்த பிறகு முழுநேரச் சம்பள வேலையில் இருக்க பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆக, நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத்தான் கறுப்புக் கோட்டு. முதல் இரண்டு ஆண்டுச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இழப்பீட்டுத் தொகையை நீதிபதி மனதுக்குத் தோன்றியபடி கொடுப்பார் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

இல்லை. வலி, வேதனை போன்ற சில தலைப்புகளில் மட்டும் நீதிபதியின் மதிப்பீட்டுக்கு இடமுண்டு. மற்றதெல்லாம் கணக்கு. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டது. இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியாதவர் எம்.சி.ஓ.பி. பக்கம் வரக் கூடாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இறந்தவர் 38 வயதுத் தச்சர். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். 15,000 என்பது 21,000 ஆகிறது. தன் சொந்தச் செலவுக்கு அவர் எடுத்திருக்கக்கூடிய பங்காக, சார்ந்திருப்போர் நான்கு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 5,250 போக 15,750. வருடத்துக்கு 1,89,000. இதை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்தான் பெருக்கெண்; 36 முதல் 40 வயதுக்கு அது 15. பெருக்கினால் 28,35,000 ரூபாய். இதோடு துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்கு ஆளுக்கு 48,400 வீதம் நான்கு பேருக்கு 1,93,600. சொத்து இழப்புக்கு 18,150, ஈமச் சடங்குக்கு 18,150. மொத்தம் 30,64,900 ரூபாய். (பிரணய் சேத்தியில் இந்தத் தலைப்புகள் 40,000, 15,000, 15,000. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொல்லியிருப்பதால் இரண்டு முறை கூடியிருக்கிறது.)

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மருத்துவர் உத்தேசமாக ‘வயது 41’ என்று எழுதியிருக்கிறார், வக்கீல் அதைக் கவனிக்கவில்லை. 40-ஐத் தாண்டிவிட்டதால் உயர்வு 40-லிருந்து 25 சதவீதமாகிறது, பெருக்கெண் 15-லிருந்து 14 ஆகிறது. வருமான இழப்பு 23,62,500-க்கு இறங்கிவிடும். மூன்று வயது வித்தியாசத்துக்கு 4,72,500 ரூபாய் போச்சு! இதற்குத்தான் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி வாங்கச் சொல்வது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு உரிய ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வருமானத்துக்கும் இதே கதைதான். தச்சருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஒன்றுமே காட்டாமல் விட்டால் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை வைத்துக்கொள்ளும். 15,000 என்று காட்ட முடியாமல் 10,000 என்று வைத்தால் 28,35,000 என்பது 18,90,000 ஆகிவிடும். வேலை கொடுத்தவர்களின் சாட்சியம், வங்கிக் கணக்கில் வந்த தொகைகள், நலவாரிய அட்டை, மரக்கடைப் பற்றுச்சீட்டுகள் – எதைக் காட்ட முடியுமோ அதைக் காட்ட வேண்டும். இதைத் தேடி அந்த வீட்டுக்கும் பட்டறைக்கும் போவதுதான் நல்ல ஜூனியரின் வேலை.

காலில் எலும்பு முறிந்தவருக்கு 30 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் தந்தார்கள். வக்கீல் அதை வைத்தே கணக்குப் போட்டார். சரியா?
– வாசகர், ஓசூர்

பாதிதான் சரி. மருத்துவர் சொல்வது உடல் ஊனத்தின் சதவீதம். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட முழுதாக இருக்கலாம். அதே கையை இழந்த அலுவலக எழுத்தருக்கு வேலை தொடர்ந்தால் வருமானம் அந்த அளவு குறையாது.

எனவே சான்றிதழை மட்டும் குறியீடு செய்து தாக்கல் செய்தால் போதாது. மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘இவரால் குந்தி உட்கார முடியுமா, ஏணி ஏற முடியுமா, எத்தனை கிலோ தூக்கலாம், பொருத்திய பிளேட்டை எடுக்க மறுபடி அறுவை சிகிச்சை வேண்டுமா’ என்று கேட்டுப் பதிய வைக்க வேண்டும். பிறகு அந்த ஆளின் வேலை என்ன என்பதோடு அதைச் சேர்த்துக் காட்ட வேண்டும். பல தீர்ப்பாயங்கள் இப்போது மனுதாரரை அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கே அனுப்புகின்றன. எலும்பு கூடி முடிவதற்கு முன்பே அவசரப்பட்டுப் போனால் சதவீதம் நிலையாக இருக்காது, ‘இது தற்காலிக ஊனம்’ என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும்.

தமிழ்நாட்டில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடும் பழக்கமும் இருக்கிறது. வருமானத்தைப் பாதிக்காத காயத்துக்கு அது பொருந்தும். பிழைப்பையே பறித்த காயத்துக்குப் பெருக்கெண் முறையைத்தான் கேட்க வேண்டும். ஓசூர் வாசகர் தொழிற்சாலையில் நின்றபடி வேலை பார்ப்பவர் என்றால், இந்த வேறுபாடு சில லட்சங்களை மாற்றும்.

ஜூனியராகச் சேர்ந்தால் என்ன வேலை? என்ன கிடைக்கும்?
– இறுதி ஆண்டு மாணவர், மதுரை

முதல் வருடம் முழுக்க ஓட்டம்தான். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று. இடித்த வண்டியின் பதிவுச் சான்று, பாலிசி, ஓட்டுநர் உரிமம். ஒவ்வொன்றிலும் தேதியும் வண்டி எண்ணும் பெயரின் எழுத்துகளும் ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பாலிசியைப் பார்க்கும்போது அது எந்த நிமிடம் தொடங்கி எந்த நிமிடம் முடிகிறது என்பதையும், ‘ஆக்ட் ஒன்லி’யா (சட்டம் கட்டாயமாக்கிய காப்பு மட்டும்) ‘பேக்கேஜா’ (அதற்கு மேலும் காப்பு உள்ளது) என்பதையும் பாருங்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தவர் அடிபட்டு, அந்த பைக் ஓட்டியவர் மீதுதான் தவறு என்றால், ஆக்ட் ஒன்லி பாலிசியில் பின்னால் இருந்தவருக்குக் காப்பு இல்லை. இதைப் பார்க்காமல் வழக்குப் போட்டுவிட்டு நான்கு வருடம் கழித்து முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் வருடம் மனு எழுதுவீர்கள், ப்ரூஃப் அபிடவிட், அதாவது சாட்சியின் எழுத்துமூல வாக்குமூலம் தயாரிப்பீர்கள். மூன்றாம் வருடம் சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது குறுக்கு விசாரணை கையில் விழும்.

பணம் பற்றி நேராகவே சொல்கிறோம்: தொடக்கத்தில் குறைவு. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நடைமுறையில் எல்லா அலுவலகங்களும் அதைத் தருவதில்லை. சேரும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஆண்டுக்கு எத்தனை வழக்குப் போடுகிறார் என்று பார்ப்பதைவிட, எத்தனை வழக்கில் மருத்துவரை விசாரித்திருக்கிறார், உயர் நீதிமன்றத்தில் எத்தனை சி.எம்.ஏ. மேல்முறையீடு நடத்தியிருக்கிறார் என்று விசாரியுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. முடியுமா?
– வாசகர், விழுப்புரம்

முடியும். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் வாதாடலாம், சாட்சியமும் தமிழில்தான். ஆனால் மருத்துவ ஆவணங்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருப்பதால், படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கட்டாயம் வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே ‘பர்சனல் இன்ஜுரி அட்டர்னி’கள் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள், தோற்றால் பீஸ் இல்லை என்கிறான். இங்கேயும் 20, 30 சதவீதம் கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

அங்கே சரி, இங்கே தவறு. அமெரிக்காவில் ஒரு பட்டம், அதன் மேல் 3 ஆண்டு ஜே.டி. படிப்பு, பிறகு அந்தந்த மாநில பார் தேர்வு. வெற்றிக் கட்டணம் அங்கே அனுமதிக்கப்பட்ட முறை. 1977-இல் அவர்களின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்கள் விளம்பரமும் செய்துகொள்ளலாம்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடை செய்கிறது. 36-ஆவது விதி விளம்பரத்தையும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்து வார்டில் கையெழுத்து வாங்கும் தரகர்களுக்குப் பின்னால் ஒரு வக்கீல் இருந்தால், அவரது பதிவுக்கே ஆபத்து. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் போட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், பார் கவுன்சில் பல வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தது நினைவிருக்கட்டும்.

ஆனால் இந்த விதியால் ஒரு சங்கடமும் இருக்கிறது. கணவனை இழந்து நிற்பவரிடம் முன்பணம் எங்கே இருக்கும்? நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் மனுத் தாக்கல், சாட்சி விசாரணை, வாதம் எனக் கட்டம் கட்டமாகத் தொகையைப் பேசி, எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் கட்சிக்காரர் என்றால் அப்படி எழுதித் தரக் கேளுங்கள். வெற்றுக் காசோலையிலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். செலவுக்கு வழியே இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அந்த உரிமை உண்டு.

விபத்து நடந்து எத்தனை நாளைக்குள் வழக்குப் போட வேண்டும்? ஒருவர் காலக்கெடுவே இல்லை என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் என்கிறார்.
– இளம் வழக்கறிஞர், நாகர்கோவில்

இருவரும் வெவ்வேறு காலத்துச் சட்டத்தைச் சொல்கிறார்கள். 1994 திருத்தத்துக்குப் பிறகு காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2019 திருத்தச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவில் ஆறு மாதக் கெடுவைக் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது காலக்கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக் கட்சிக்காரரின் வழக்கைத் தூங்க விடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். சிகிச்சை முடியவில்லை, ஊனச் சான்று வரவில்லை என்பதெல்லாம் காத்திருக்கக் காரணம் ஆகாது. அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

காவல்துறைக்கும் இப்போது நேரக் கணக்கு உண்டு. 2022 விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கை 50 நாளுக்குள், விரிவான அறிக்கை 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அறிக்கை வராவிட்டால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி பேனலில் சேர்ந்துவிட்டால் நிம்மதி என்கிறார்கள். அந்தப் பக்கம் போகலாமா?
– வழக்கறிஞர், சேலம்

பேனல் என்பது கம்பெனிக்காக வழக்கு நடத்தும் வக்கீல்களின் பட்டியல். போகலாம், அதுவும் மரியாதையான தொழில்தான். வழக்குகள் தொடர்ந்து வரும், கட்டணம் நிர்ணயித்தபடி வரும். உரிமம் இல்லாத ஓட்டுநர், போலி பாலிசி, வண்டியை மாற்றிக் காட்டிய வழக்கு இவற்றைக் கண்டுபிடிக்கும் கண் அங்கேதான் பழகும். ஆனால் பழைய வாதங்களைக் கிளிப்பிள்ளை போல் எல்லா எதிருரையிலும் ஒட்டுகிற பழக்கம் தொற்றிக்கொள்ளும். பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே அடிபட்டவர் மீதும் பங்குத் தவறு வந்துவிடாது. அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. இன்னமும் இவற்றை எதிர்வாதமாக எழுதுவது நேர விரயம்.

சாலை விபத்து மட்டும்தான் இந்தத் தொழிலா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை. வேலையில் அடிபட்டால் ஊழியர் இழப்பீடு; முன்பு 1923-ஆம் ஆண்டு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வருகிறது. ரயிலில் இருந்து விழுந்தால் ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம், கெடு ஒரு ஆண்டு, இறப்புக்கு 8 லட்சம் ரூபாய். மருத்துவக் கவனக்குறைவுக்கு நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டியைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. லாரி ஓட்டுநர் பணியில் இருக்கும்போது விபத்தில் இறந்தால் ஊழியர் இழப்பீடு, மோட்டார் வாகனச் சட்டம் என இரண்டு கதவும் திறந்திருக்கும். ஆனால் 167-ஆவது பிரிவுப்படி ஒன்றில்தான் நுழையலாம். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.

லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முடித்தால் அல்லது தீர்ப்பு வந்துவிட்டால் வக்கீல் வேலை முடிந்ததா?
– வாசகி, தஞ்சாவூர்

இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பணம் சீக்கிரம் கிடைக்கும், நல்ல வழிதான். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே மேலே காட்டிய கணக்கை முழுதாகப் போட்டு, வட்டியையும் சேர்த்து (தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீதம் கொடுக்கிறார்கள்), எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று கட்சிக்காரருக்குத் தெரிந்த பிறகுதான் கையெழுத்து. ஊனச் சான்று வராத காய வழக்கை அங்கே முடிக்கவே கூடாது.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 90 நாள். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் மேல்முறையீடு இல்லை. எதிர்த்தரப்பு பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகம் பணம் கட்டாமல் இழுத்தடித்து, கோர்ட் அமீனா பேருந்தை ஜப்தி செய்த செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அது ஒரு வக்கீல் விடாமல் இ.பி. நடத்தியதன் பலன். பணம் கட்டப்பட்டதும், பெரியவர்கள் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்கு, சிறுவர்கள் பங்கு மேஜர் ஆகும்வரை தேசிய மயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போகும். அதன் வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பிலேயே அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக் கட்டணத்துக்காக அந்த அம்மா கோர்ட்டுக்கு அலைந்து தனி மனுப் போட வேண்டி வரும்.